7 வெள்ளிச் சம்பளமும் 18 கிரெடிட்டும்

கேள்வி: அக்கா, எனக்கு வயது 20. பட்டர்வொர்த்தில் இருக்கிறோம். ஜார்ஜ்டவுனில் ஒரு தனியார் கல்லூரியில் கணக்கியல் டிப்ளோமா படிக்கிறேன். அப்பா லோரி ஓட்டுநர், மாதம் 2,400 வெள்ளி (ரிங்கிட்) சம்பளம். ஐந்து மாதத்துக்கு முன் வேலையில் லோரி மேல் ஏறித் தார்ப்பாய் கட்டும்போது கீழே விழுந்து கால் முறிந்தது. இன்னும் எம்.சி.யில்தான் (மருத்துவ விடுப்பில்) இருக்கிறார். முதலாளி வந்து 500 வெள்ளி கொடுத்தார், அதோடு சரி. அம்மா பள்ளிக் கேண்டீனில் வேலை செய்கிறார். தம்பி நான்காம் படிவம்.

நான் பிறையில் ஒரு மினி மார்க்கெட்டில் கேஷியர். முதலாளி அப்பாவுக்குத் தெரிந்தவர். திங்கள் முதல் வெள்ளி வரை மாலை 6 மணியிலிருந்து இரவு 11 மணி வரை வேலை, சனிக்கிழமை 10 மணி நேரம். மணிக்கு 7 வெள்ளி, கவரில் போட்டுக் கொடுப்பார். மாதம் 1,060 வெள்ளி போல வரும். அதில் 700-ஐ வீட்டுக்குக் கொடுத்துவிடுகிறேன். பிடிபிடிஎன் கடன் (அரசாங்கத்தின் உயர்கல்விக் கடன்) கல்லூரிக் கட்டணத்துக்கே சரியாகிவிடுகிறது.

முதல் செமஸ்டரில் 15 கிரெடிட் எடுத்து ஜிபிஏ (புள்ளிச் சராசரி) 3.20 வாங்கினேன். இரண்டாவதில் 18 கிரெடிட், 2.00-தான் வந்தது. செலவுக் கணக்கியலில் ஃபெயில், மறுபடி எடுக்க 900 வெள்ளி கட்டணுமாம். போன வாரம் காலையில் பாலத்தில் மோட்டார் ஓட்டும்போது ஒரு நொடி கண் அசந்துவிட்டது. ஒரு வருஷம் படிப்பை நிறுத்திவிட்டு, முழு நேரம் வேலை செய்து, பணம் சேர்த்துக்கொண்டு திரும்பி வரலாமா? அம்மாவிடம் இதையெல்லாம் சொல்லவில்லை.

பதில்: அன்புத் தங்கைக்கு,

முதலில் பாலத்தைப் பற்றிப் பேசிவிடுவோம், மற்றதெல்லாம் அப்புறம். கண் அசந்தது ஒரு நொடிதான் என்று எழுதியிருக்கிறீர்கள். காலை நேரத்தில் பினாங்குப் பாலத்தில் பக்கத்தில் போகும் லோரிகளுக்கு அந்த ஒரு நொடி போதும். இந்த வாரத்திலிருந்தே காலையில் ஃபெரியில் போங்கள். மோட்டாரை ஏற்றிக்கொள்ளலாம், கடலைக் கடக்கும் நேரம் கண்ணை மூடி உட்காரலாம். பாலத்தில் மோட்டாருக்கு 2019-லிருந்து டோல் இல்லை, ஃபெரிக்குக் காசு கொடுக்கணுமே என்று தோன்றும். கொடுங்கள். தூக்கத்தைக் குறைத்து வேலை செய்வதை நிறுத்தும்வரை இது கட்டாயச் செலவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நிறுத்தலாமா, திரும்பி வரலாமா என்று கேட்கிறீர்கள். நிறுத்த வேண்டாம் என்பதே என் பதில். ஆனால் இப்போது போகிற மாதிரியே போகவும் கூடாது. ஏன் என்று உங்களுக்குப் பழக்கமான மொழியிலேயே, கணக்காகவே சொல்கிறேன்.

நம் நாட்டில் ஒரு கிரெடிட் என்றால் 40 மணி நேர உழைப்பு. இது மலேசியத் தகுதி நிர்ணய வாரியமான எம்கியூஏ வைத்திருக்கும் அளவு. விரிவுரை, டுட்டோரியல், அசைன்மென்ட், சொந்தமாகப் படிப்பது, பரீட்சை எல்லாம் அதில் அடக்கம். அப்படியென்றால் 18 கிரெடிட்டுக்கு 720 மணி நேரம். படிப்பு வாரத்தையும் பரீட்சையையும் சேர்த்து ஒரு செமஸ்டரை 17 வாரம் என்று வைத்தால், வாரத்துக்கு 42 மணி நேரம் வருகிறது. இதுவே ஒரு முழு நேர வேலை. சட்டப்படி ஒரு தொழிலாளியின் வார வேலை நேரமே அதிகபட்சம் 45 மணிதான், 2023-லிருந்து. நீங்கள் இந்த 42-க்கு மேல் இன்னொரு 35 மணி நேரத்தை ஏற்றி வைத்திருக்கிறீர்கள்.

வகுப்பு நேரம் வாரத்துக்கு 24 மணி இருக்கலாம். மீதி 18 மணி நேரம் நீங்களாக உட்கார்ந்து படிக்க வேண்டியது. அதை எங்கே வைத்தீர்கள்? திங்கள் முதல் வெள்ளி வரை இரவு 11 மணிக்குக் கடையில் ஷட்டர் இறக்குகிறீர்கள். சனிக்கிழமை முழுக்கக் கடை. மிஞ்சுவது ஞாயிறு ஒரே நாள். துணி துவைப்பது, அம்மாவுக்கு உதவி, அப்பாவைக் கவனிப்பது எல்லாம் அதே ஞாயிற்றில்தான். 18 மணி நேரப் படிப்பு அதற்குள் அடங்காது. செலவுக் கணக்கியல் கணக்கு போட்டுப் பார்த்தால்தான் வரும் பாடம், கேட்டால் மட்டும் வராது. முதலில் சரிந்தது அந்தப் பாடம் என்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. உங்களுக்கு மூளை போதவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தால் அந்த நினைப்பை இன்றைக்கே விட்டுவிடுங்கள். முதல் செமஸ்டரில் 3.20 வாங்கியதும் இதே மூளைதான்.

இப்போது சம்பளம். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் உறுத்தியது அந்த 7 வெள்ளிதான். 2025 பிப்ரவரி 1 முதல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. மணிக்கணக்கில் அது 8 வெள்ளி 72 காசு. ஐந்து பேருக்குக் குறைவாக வேலை செய்யும் சிறிய கடைகளுக்கும் அதே ஆண்டு ஆகஸ்ட்டிலிருந்து இதுதான். பகுதி நேரம், மாணவி, தெரிந்தவர் மகள் என்றெல்லாம் சட்டத்தில் விலக்கு கிடையாது.

இதைப் படிப்போடு சேர்த்துப் பாருங்கள். 35 மணி நேரம் நின்று வாரத்துக்கு 245 வெள்ளி வாங்குகிறீர்கள். 8.72 என்றால் அதே 245-ஐ 28 மணி நேரத்தில் சம்பாதித்துவிடலாம். வாரத்தில் 7 மணி நேரம் உங்களிடமிருந்து சும்மா போய்க்கொண்டிருக்கிறது. ஒரு வாரத்துச் செலவுக் கணக்கியலுக்கு அந்த 7 மணி நேரம் போதும். அந்தப் பாடத்தை மறுபடி எடுக்கக் கேட்கிற 900 வெள்ளியையும் உங்கள் சம்பளத்தால் வகுத்துப் பாருங்கள். ஏறத்தாழ 129 மணி நேர வேலை. ஏறக்குறைய ஒரு மாதம் இரவெல்லாம் கவுண்டரில் நின்றது ஒரு ஃபெயிலுக்குப் போகிறது. வேலை படிப்பைத் தின்கிறது, படிப்பு திரும்ப அந்தச் சம்பளத்தைத் தின்கிறது.

கவரில் ரொக்கம் என்கிறீர்கள். அப்படியானால் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) எதுவும் கட்டப்படவில்லை என்றுதான் எடுத்துக்கொள்கிறேன். பகுதி நேர ஊழியருக்கும் இரண்டும் கட்டாயம். உங்கள் சம்பளத்துக்கு முதலாளி தன் பங்காக 13 விழுக்காடு இபிஎஃப் கட்ட வேண்டும், இப்போதைய சம்பளத்துக்கே அது மாதம் 138 வெள்ளி போல வரும். உங்கள் பங்கு 11 விழுக்காடு கையிலிருந்து போகும், அதை மறைக்கவில்லை. ஆனாலும் அது உங்கள் பேரில் இருக்கிற பணம். இப்போதைய முறையில் சந்தாவில் பத்தில் ஒரு பங்கு ஃபிளெக்சிபல் கணக்கில் விழுகிறது, வேண்டும்போது எடுக்கலாம். இபிஎஃப்பை விட உங்களுக்கு அவசரமானது சொக்சோ. வேலைக்குப் போகும்போதும் வேலை முடிந்து வீடு திரும்பும்போதும் வழியில் நடக்கும் விபத்துக்கும் அதில் பாதுகாப்பு உண்டு. இரவு 11 மணிக்குப் பிறையிலிருந்து மோட்டாரில் கிளம்புகிற பெண்ணுக்கு அது இல்லை என்பதை நினைத்தாலே எனக்கு மனசு பதறுகிறது.

இன்னொன்று. முழு நேர ஊழியரின் வேலை நேரத்தில் 70 விழுக்காடு வரைதான் சட்டத்தில் பகுதி நேரம். 45-க்கு 70 விழுக்காடு என்றால் 31 மணி 30 நிமிடம். நீங்கள் பார்ப்பது 35. உங்களைப் பகுதி நேரம் என்று சொல்லிக்கொண்டு கிட்டத்தட்ட முழு ஆளாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உங்கள் கடிதத்தில் இருக்கிறது. அதை இரண்டு வரியில் எழுதிக் கடந்துவிட்டீர்கள். அப்பா விழுந்தது வேலை நேரத்தில், வேலை செய்துகொண்டிருக்கும்போது. ஐந்து மாதமாக எம்.சி. அவர் சார்பில் சொக்சோவில், அதாவது பெர்கேசோவில், யாராவது விண்ணப்பித்தார்களா? உங்கள் கடிதத்தில் 500 வெள்ளியைத் தவிர வேறு பேச்சே இல்லை. வேலை விபத்தில் தற்காலிகமாக வேலை செய்ய முடியாமல் போனவருக்கு, எம்.சி.யில் இருக்கும் நாள்களுக்கு, அவருடைய சராசரி நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். 2,400 வெள்ளிச் சம்பளத்துக்கு அது மாதம் ஏறத்தாழ 1,900 வெள்ளி. நீங்கள் தூங்காமல் கொண்டுவரும் 1,060-ஐ விட அதிகம். விபத்து தெரிந்த 48 மணி நேரத்துக்குள் சொக்சோவிடம் தெரிவிப்பது முதலாளியின் பொறுப்பு. அவர் செய்யாமல் விட்டிருந்தால் அதற்காக அப்பா இழக்க வேண்டியதில்லை.

அதனால் நீங்கள் எடுக்க வேண்டிய முதல் லீவு பரீட்சைக்காக இல்லை, இதற்காக. அப்பாவை அழைத்துக்கொண்டு பெர்கேசோ அலுவலகத்துக்குப் போங்கள். எம்.சி. தாள்கள் அத்தனையும், ஆஸ்பத்திரி அறிக்கை, சம்பளச் சீட்டு, விபத்து நடந்த நாளில் யாருக்காவது வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தி அல்லது படம், பக்கத்தில் இருந்தவர் பெயர் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் வைத்து எடுத்துப் போங்கள். கம்பெனி சந்தா கட்டவில்லை என்று தெரிய வந்தாலும் பேசாமல் திரும்பிவிடாதீர்கள், அடுத்து என்ன செய்யலாம் என்று அங்கேயே கேளுங்கள். "முதலாளி மனசு கஷ்டப்படும்" என்று அப்பா தயங்குவார். நம் வீடுகளில் இந்தத் தயக்கத்தை நிறையப் பார்க்கிறேன். சொக்சோ யாரும் போடும் பிச்சை இல்லை, அவருக்காக மாதா மாதம் கட்ட வேண்டிய சந்தாவால் வரும் உரிமை என்று எடுத்துச் சொல்லுங்கள்.

வேறு கதவுகளும் உண்டு. பினாங்கு இந்து அறப்பணி வாரியம் உயர்கல்வி மாணவர்களுக்கு உதவி நிதி கொடுக்கிறது, விண்ணப்பம் எப்போது திறக்கும் என்று விசாரித்து வையுங்கள். பெற்றோரின் இபிஎஃப் செஜாத்தெரா கணக்கிலிருந்து பிள்ளையின் டிப்ளோமா படிப்புக்குப் பணம் எடுக்கவும் வழி இருக்கிறது. ஆனால் கால் முறிந்து கிடக்கிற மனிதரின் சேமிப்பை எடுப்பதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் சொக்சோ.

இனி படிப்பை நிறுத்துவது பற்றி. உங்கள் டிப்ளோமாவுக்கு 90 கிரெடிட் வேண்டும். ஃபெயிலானதைக் கழித்தால் கையில் 30 இருக்கிறது, இன்னும் 60. ஒரு வருஷம் நிறுத்திவிட்டு வந்து, பெரிய செமஸ்டருக்கு 18, குறுகிய செமஸ்டருக்கு 6 என்று முழு வேகத்தில் ஓடினாலும் அந்த 60-க்கு ஒன்றரை வருஷம் பிடிக்கும். மொத்தம் இரண்டரை வருஷம். நிறுத்தாமல் 12, 12, 6 என்று எடுத்துப் போனால் வருஷத்துக்கு 30, இரண்டே வருஷத்தில் முடியும். மெதுவாகப் போவது நின்று போவதைவிட அரை வருஷம் முந்துகிறது.

அந்த ஒரு வருஷத்தில் பணம் சேரும் என்பதும் நடைமுறையில் அவ்வளவு சுலபமில்லை. மாதம் 1,700 வெள்ளி கைக்கு வர ஆரம்பித்ததும் வீடு அந்தச் சம்பளத்துக்குப் பழகிவிடுகிறது. தம்பிக்கு எஸ்பிஎம் டியூஷன், புது ஃபோன், மோட்டாருக்குத் தவணை என்று ஒவ்வொன்றாக ஒட்டிக்கொள்ளும். திரும்பிப் படிக்கப் போகிறேன் என்று நீங்கள் சொல்கிற நாளில், அந்த 1,700 இல்லாமல் வீடு எப்படி ஓடும் என்ற கேள்வி இன்றைக்கு இருப்பதைவிடப் பெரிதாக வந்து நிற்கும். கெட்டிக்காரப் பிள்ளைகள் பலர் அந்த இடத்தில்தான் படிப்பை விட்டார்கள். யாரும் அவர்களைத் தடுக்கவில்லை, தேதி தள்ளித் தள்ளிப் போயிற்று. உங்கள் உடம்பு முடியாமல் போனாலோ, அப்பாவுக்கு இன்னொரு அறுவை சிகிச்சை வந்தாலோ ஒரு செமஸ்டர் நிறுத்துவது வேறு விஷயம். அப்போதும் திரும்பும் தேதியைக் கல்லூரியில் எழுத்தில் வாங்கிக்கொண்டு, பிடிபிடிஎன்னுக்கும் தெரிவித்துவிட்டுத்தான் நிறுத்த வேண்டும்.

ஆகவே என் யோசனை: 12 கிரெடிட், 20 மணி நேர வேலை. 12 கிரெடிட்டுக்கு வாரத்தில் 28 மணி நேரம், வேலையோடு சேர்த்து 48. ஒரு மனுஷி தூங்கி எழுந்து செய்யக்கூடிய அளவு இது. 18 கிரெடிட்டைத்தான் எடுப்பேன் என்றால் வேலை 10, 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. இரண்டையும் முழுசாக வைத்துக்கொண்டு "டைம் மேனேஜ்மென்ட்" கற்றுக்கொள் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உங்களிடம் இல்லாதது ஒழுங்கு இல்லை, மணி நேரம்.

எந்த 12? செலவுக் கணக்கியல் அதில் கட்டாயம் இருக்க வேண்டும். தள்ளிப்போட்டால் அதன்மேல் நிற்கும் மேலாண்மைக் கணக்கியலும் சேர்ந்து தள்ளிப்போகும். எம்பியு எனும் கட்டாயப் பொதுப் பாடங்களைக் குறுகிய செமஸ்டருக்கு நகர்த்துங்கள், அவற்றுக்காக யாரும் காத்திருக்கவில்லை. பெரும்பாலான கல்லூரிகளில் பாடத்தைச் சேர்க்கவும் விடவும் முதல் இரண்டு வாரம்தான் அவகாசம். அதன்பிறகு விட்டால் கட்டணம் போனது போனதுதான். 12-க்குக் கீழே இறங்கினால் முழு நேர மாணவி என்ற தகுதி போய்விடுமா, கூடுதல் காலத்துக்கும் பிடிபிடிஎன் வருமா என்று பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள். கடன் உங்கள் படிப்புக் காலத்தை வைத்துப் போட்டது. ஒரு செமஸ்டர் கட்டணத்தை உங்கள் கைக்காசிலிருந்து கட்ட வேண்டி வரலாம் என்று இப்போதே எதிர்பார்த்து வைப்பது நல்லது.

சிஜிபிஏ, அதாவது எல்லா செமஸ்டரும் சேர்ந்த சராசரி, இப்போது 2.55. 12 கிரெடிட் எடுத்து 3.25 வாங்கினால் 2.73-க்கு ஏறும். இப்போது போலவே 18 கிரெடிட்டும் 35 மணி நேர வேலையுமாக ஓடி 1.70-இல் விழுந்தால் 2.25. இன்னும் சரிந்து 2.00-க்கும் கீழே போனால் பிடிபிடிஎன்னே நின்றுபோகிற ஆபத்து இருக்கிறது.

20 மணி நேரத்துக்கு 8.72 வீதம் மாதம் 755 வெள்ளி, பிடித்தம் போகக் கையில் 665 போல வரும். இப்போது வருவதைவிட 400 குறைவு. அப்பாவுக்கு சொக்சோ வர ஆரம்பித்தால் வீட்டுக்கு 700 கொடுக்க வேண்டிய அவசியம் இருக்காது, 300 கொடுத்தால்கூடப் போதும். இந்தக் கணக்கை அம்மாவிடம் மறைக்காமல் காட்டுங்கள். ஃபெயில் ஆனதையும் சேர்த்துத்தான். பாலத்தில் கண் அசந்ததைச் சொன்னால் பயந்துவிடுவார் என்று நினைக்கிறீர்கள். பயப்படட்டும். நீங்கள் இவ்வளவு செய்கிறீர்கள் என்று தெரியாமல்தான் அவர் அந்த 700-ஐ வாங்கிக்கொள்கிறார். அப்படியே தம்பியையும் உட்கார வையுங்கள். 16 வயதுப் பையனுக்குச் சோறு வடிக்கவும் துணி காயப்போடவும் தெரிய வேண்டும். உங்கள் ஞாயிற்றுக்கிழமையில் பாதி அவன் கையில் இருக்கிறது.

முதலாளியிடம் எப்படிப் பேசுவது? தெரிந்தவர் என்பதால்தான் வாய் வரவில்லை என்று புரிகிறது. சண்டை வேண்டாம், கெஞ்சவும் வேண்டாம். கடையில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "அங்கிள், அடுத்த மாசத்திலிருந்து செவ்வாயும் வியாழனும் சாயங்காலம் வர்றேன், சனிக்கிழமை முழு நாள் வர்றேன். மத்த நாள் படிக்கணும். சம்பளத்தை கவர்மெண்ட் ரேட்டுக்கு, 8.72-க்கு மாத்திக் கொடுங்க, இபிஎஃப், சொக்சோவும் கட்டிடுங்க." இவ்வளவுதான். செவ்வாய், வியாழன் ஐந்தைந்து, சனி பத்து, 20 மணி நேரம் சரியாக வரும். அதற்கு முன்பே வேலை அட்டவணையைப் படம் எடுத்து வையுங்கள், சம்பளம் வாங்கிய தேதிகளை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நல்லவர் என்றால் ஒத்துக்கொள்வார். மறுத்தால் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம். குறைந்தபட்சச் சம்பளம் கொடுக்காத முதலாளிக்கு ஓர் ஊழியருக்கு 10,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. புகார் செய்கிறீர்களோ இல்லையோ, மறுக்கிற கடையில் நீங்கள் நீடிக்க வேண்டாம்.

வேறு வேலைக்கு எங்கே போவது என்றால், உங்கள் படிப்புப் பக்கமே தேடுங்கள். முதல் செமஸ்டர் கணக்கியலில் நன்றாகச் செய்தவர், நான்காம் ஐந்தாம் படிவப் பிள்ளைகளுக்கு கணக்கியல் கோட்பாடு சொல்லித் தரலாம். பட்டர்வொர்த்திலேயே வீடு தேடி வருவார்கள், இரவுப் பயணம் மிச்சம். மார்ச், ஏப்ரலில் வருமான வரிப் பாரம் நிரப்பும் காலத்தில் சின்னச் சின்னக் கணக்குத் தணிக்கை அலுவலகங்களில் ரசீது அடுக்கவும் பதிவு போடவும் ஆள் தேடுவார்கள். ஜார்ஜ்டவுனில் கல்லூரிக்கு நடக்கிற தூரத்தில் அப்படி ஓர் அலுவலகம் கிடைத்தால், மினி மார்க்கெட்டை விட அதைத்தான் எடுக்கச் சொல்வேன், சம்பளம் ஒன்றாகவே இருந்தாலும். டிப்ளோமா முடித்து வேலைக்குப் போகும்போது அந்த அனுபவத்துக்கு மதிப்பு உண்டு. கல்லூரி நூலகத்திலும் கேட்டுப் பாருங்கள்.

வரிசை இப்படி வையுங்கள்: அம்மாவிடம் பேசுவது இந்த ஞாயிறு. பெர்கேசோ அடுத்த வாரம். பாடப் பதிவு திறந்த முதல் வாரத்திலேயே உங்கள் கல்லூரி ஆலோசகரைப் பாருங்கள், இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி அவர் முன்னால் வையுங்கள். 12 கிரெடிட்டுக்கு அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் என்ன காரணம் சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். அதற்கு என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.